டீசல் கார் புக் பண்ணும் முன்பு ஓடோமீட்டரைப் பாருங்கள்

கார் எடுக்கப் போகிறவர்கள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் முதலில் கேட்பது, "எது நல்ல மைலேஜ் கொடுக்கும்?" மாசம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கேட்டால், "1,500 கிலோமீட்டர் இருக்குங்க" என்பார்கள். பழைய வண்டியின் சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தால் பலருக்கு 500கூடத் தேறாது. வீடு, ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான் ஓட்டம்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறவர்கள் டீசல் எடுப்பவர்கள். டீசல் என்றால் மிச்சம் என்ற எண்ணம் சும்மா வரவில்லை. 2012 வாக்கில் பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் மலிவு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. சமீப வருடங்களில் கோவையில் வித்தியாசம் 10 ரூபாய்க்குள்தான். ஆனால் அன்றைக்கு மச்சான் லாபம் பார்த்த கணக்கை நம்பித்தான் இன்றைக்கும் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 14 கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய், 18 கிலோமீட்டர் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய் மிச்சம். மாசம் 500 ஓட்டினால் 1,000 ரூபாய். டீசல் மாடலுக்கு 1,20,000 ரூபாய் கூடக் கொடுத்திருந்தால், போட்ட பணம் திரும்பவே பத்து வருடம் ஆகும். மாசம் 2,000 ஓடுகிறவருக்கு இரண்டரை வருடம் போதும். அவர் தாராளமாக டீசல் எடுக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி டிபிஎஃப். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதிமுறை வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாய் வரிசையில் கரியைப் பிடித்துவைக்கும் இந்த ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அதுவே அவ்வப்போது எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கொஞ்ச நேரம் நிற்காமலும் ஓட வேண்டும். சாயிபாபா காலனியிலிருந்து ஆர்.எஸ்.புரம் போய்த் திரும்புகிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கே ஏறும்? எரிய ஆரம்பிக்கும்போதே வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவோம்.

ஃபில்டரைச் சூடேற்றுவதற்காக என்ஜினுக்குள் தெளிக்கும் கூடுதல் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். "ஆயில் குறையவே இல்லைங்க, கொஞ்சம் ஏறித்தான் இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கும். ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங், டர்போ எல்லாம் தேயும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, வாரம் ஒருமுறை நீலாம்பூர் தாண்டி அவிநாசி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்ன வேகத்தில், அது அணையும் வரை ஓட்டுங்கள். அணையாவிட்டால் தள்ளிப்போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ஃபில்டரையே கழற்றிவிடலாம் என்று யோசனை சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். அது சட்டப்படி தப்பு.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், இப்போது ஓட்டும் வண்டியின் ஓடோமீட்டரை இன்றைக்கு ஒரு போட்டோ எடுங்கள், அடுத்த மாசம் இதே தேதியில் இன்னொன்று. அந்த இரண்டு போட்டோவோடு ஷோரூமுக்குப் போங்கள்.