வீட்டுக்கு வரும் வார்ட்: திருகோணமலையில் எது கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

லண்டனில் இருக்கும் பிள்ளை போனில் சொல்கிறது: "மாமாவுக்கு நியூமோனியா. ஆனால் வீட்டிலதான் அட்மிட் பண்ணியிருக்கினம்." உப்புவெளியில் இருந்து கேட்கிற நமக்கு இது விளங்குவதில்லை. வீட்டில் எப்படி அட்மிட் பண்ணுவது? இங்கேயும் அப்படிக் கேட்கலாமா?

முதலில் அங்கே நடப்பதைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இதற்கு 'விர்ச்சுவல் வார்ட்' என்று பெயர். ஆள் தன் கட்டிலில் படுத்திருப்பார், பொறுப்பு வைத்தியசாலையினுடையது. விரலில் மாட்டும் சின்னக் கிளிப் ஒட்சிசன் அளவைக் காட்டும். அந்த அளவும் பிரஷரும் தாதியிடம் போய்ச் சேரும். ஊசி மருந்து ஏற்ற வேண்டுமென்றால் தாதி வீட்டுக்கு வருவார். அரச மருத்துவ சேவை என்பதால் அதற்குக் காசு இல்லை.

அமெரிக்காவில் 2020 நவம்பரில், முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயார் இதற்கு வழி திறந்தது. அதோடு விதித்த நிபந்தனைகளைப் பார்த்தால்தான் 'வைத்தியசாலைத் தரம்' என்றால் என்னவென்று புரியும். அவசர சிகிச்சைப் பிரிவிலோ வார்டிலோ நேரில் பார்த்த பிறகுதான் ஒருவரை வீட்டுக்கு மாற்றலாம். வைத்தியரோ மேற்பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ நாளுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், அது வீடியோவிலும் இருக்கலாம். தாதியோ பயிற்சி பெற்ற அவசர உதவியாளரோ நாளுக்கு 2 தடவை நேரில் வர வேண்டும். எந்த நேரமும் கூப்பிட ஒரு தொடர்பு இருக்க வேண்டும். நோய் கடுமையானால் 30 நிமிடத்துக்குள் உதவி வந்து சேர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது வார்ட் இல்லை, துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, வீட்டுக்கு அனுப்புவதுதான்.

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. காலில் கிருமித் தொற்று, நியூமோனியா, சிறுநீர்த் தொற்று, இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கட்டுவது போன்றவற்றில், நிலை கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குத்தான். மாரடைப்பு வந்தவருக்கும் ஐ.சி.யூ. தேவைப்படுகிறவருக்கும் ஆஸ்பத்திரிதான் இடம். வயதானவர்கள் புது இடத்தில் இரவு குழம்பிப் பிதற்றுவது வீட்டில் குறைவு. எனக்கு இந்த முறையில் பிடித்தது இதுதான்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது?

வீட்டிலேயே அட்மிட் பண்ணும் முறை நம் அரச வைத்தியசாலைகளில் பொதுவான நடைமுறையாக இல்லை. ஆனால் அதன் துண்டுகள் சில இருக்கின்றன. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் 10 நாளுக்குள் மிட்வைஃப் மிஸ் வருவது நமக்குப் பழகிய விசயம். அதுபோல, பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்று ஒரு பதவி இருக்கிறது. படுக்கையில் இருப்பவர், புற்றுநோய் முற்றியவர், பாரிசவாதம் வந்தவர் வீடுகளுக்குப் போய்ப் புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் பராமரிப்பைப் பார்ப்பது, வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது இவர்கள் வேலையில் அடங்கும். இது இலவசம். ஆனால் எல்லாப் பகுதியிலும் ஆள் இல்லை. உங்கள் பகுதிக்கு யார் என்று வார்டிலோ, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலோ, அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ கேளுங்கள்.

நம் நாட்டால் முடியாத காரியமும் இல்லை இது. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். 2021இல் கொரோனா நோயாளிகளில் அறிகுறி குறைந்தவர்களை வீட்டில் வைத்தே 1390 என்ற இலக்கத்தின் மூலம் வைத்தியர்கள் கவனித்தார்கள்.

என் சின்னம்மாவுக்கு இதயம் பலவீனம். ஒரு ஆஸ்பத்திரியில் 5 நாள் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் துண்டு வெட்டினார்கள். மருந்துப் பை, கிளினிக் திகதி, அவ்வளவுதான். ஞாயிறு இரவு அவரால் படுக்க முடியவில்லை, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். யாரைக் கேட்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகுதான் ஒரு தாதி சொன்னார்: தினமும் காலையில் சலம் போனபிறகு, சாப்பிட முன், நிறை பாருங்கள், 3 நாளில் 2 கிலோ கூடினால் உடனே கொண்டு வாருங்கள். அந்த ஒரு வரியை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். இப்போது தராசு கட்டிலடியில், கொப்பி சாமித்தட்டில்.

ஆகவே வார்டை விட்டு இறங்க முன், நோயும் சிகிச்சையும் எழுதிய டயக்னோசிஸ் கார்டைக் கையில் வாங்குங்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்று கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை நிறுத்தியது, எது புதிது என்பதையும் கேளுங்கள், பழைய மாத்திரையையும் சேர்த்துப் போடுவதால் வரும் கரைச்சல் கொஞ்சமில்லை. வீட்டில் புண் கட்ட வேண்டுமென்றால் பொதுச் சுகாதாரத் தாதிக்கு ஒரு கடிதம் கேளுங்கள். வார்ட் தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

அப்புறம் தூரம். திருகோணமலை நகரத்தில் இருப்பவரும் ஈச்சிலம்பற்றில் இருப்பவரும் ஒன்றில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் வருமுன் பாதைப் படகுக்குக் காத்திருந்த நோயாளிகளை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. இப்போது மூதூரிலும் கிண்ணியாவிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, ஆகவே அவசரத்தில் நகரம்வரை வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், ஆள் மயங்கினால் ஓட்டோ தேடி நேரத்தை விடாமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீட்டு அடையாளத்தை, கோயிலோ பள்ளியோ சந்தியோ, ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த ஒழுங்கையின் பெயரே வாயில் வராது.