‘மாநில ஆலோசகர்’ என்றால் எந்த மாநிலம்?

மியான்மரின் மோல்மேனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். பாடப் புத்தகம் சலித்துப்போனால் தமிழ்நாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பழைய வாரப் பத்திரிகையை எடுத்து வாசிக்கச் சொல்வேன். போன மாதம் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி, “மியான்மர் மாநில ஆலோசகர் ஆங் சான் சூகி” என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “சயாமா, எந்த மாநிலம்? நம்ம மோன் மாநிலமா?” (சயாமா என்றால் பர்மியில் டீச்சர்.)

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. இந்த நாட்டில் மாநிலங்கள் ஏழு, மோல்மேன் அதில் ஒன்றின் தலைநகர். அந்தப் பதவிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டேட் கவுன்சலர்’ என்று பெயர். ஸ்டேட் என்றால் நாட்டின் உட்பிரிவும் ஆகும், அரசும் ஆகும். சென்னையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவருக்கோ ஸ்டேட் என்றாலே மாநிலம், கை தானாக அடித்துவிடுகிறது. ‘மாநில கவுன்சிலர்’ என்றும் ஒரு முறை பார்த்தேன். தெருவிளக்கு எரியவில்லை என்று போய் முறையிடுகிற ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

சரி, மூலச் சொல்லுக்கு வருவோம். பர்மியில் அந்தப் பதவிக்கு ‘நைங்ஙன்டோ இ அதைங்பின்கான் பொக்கோ’ என்று பெயர். ‘நைங்ஙன்டோ’ என்பது நாடு, அரசு. ‘பொக்கோ’ என்றால் ஆள், பாலி மொழியின் ‘புக்கல’விலிருந்து வந்தது, நம் சமண நூல்களில் வரும் ‘புற்கல’த்துக்குத் தூரத்துச் சொந்தம். நடுவில் இருப்பதுதான் விஷயமே. ‘தைங்பின்’ என்றால் கலந்து பேசுவது, யோசனை கேட்பது. ‘கான்’ என்றால் ஏற்பது, தாங்குவது, படுவது. துன்பத்தைத் தாங்குவதற்கும் இந்தக் கான்தான், ஒன்று செய்யப்படுவதற்கும் இந்தக் கான்தான். தமிழில் ‘படு’ இருக்கிறதே, துன்பப்படு, கேட்கப்படு என்று, அச்சு அசல் அதே வேலை. ஆக, ‘யோசனை கேட்கப்படுபவர்’.

‘ஆலோசகர்’ பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான். அது வடசொல் என்பதற்காக இல்லை, எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். ஆலோசகர் யோசனை சொல்கிறவர். வாசலில் காத்திருந்து, கூப்பிட்டால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவார், எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் எசமானர் இஷ்டம். கேட்கப்படுபவர் அப்படி இல்லை. அவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள்தான் அவரிடம் போக வேண்டும்.

எங்கள் கோயில் கமிட்டியில் ஒரு அண்ணன் இருக்கிறார், தனித்தமிழ் என்றால் உயிர். ‘அரச மதியுரைஞர்’ என்று எழுதினால் தீர்ந்தது தங்கச்சி என்கிறார். எங்கே தீர்ந்தது அண்ணே? ஆலோசகரைத் தூக்கிவிட்டு அதே நாற்காலியில் மதியுரைஞரை உட்கார வைத்திருக்கிறீர்கள். மதியை உரைக்கிறவர் என்று அங்கேயும் சொல்கிற வேலைதான், கேட்கப்படுகிற நிலை எங்கேயும் இல்லை. சொல் தூய்மையாகிவிட்டது, பிழை அப்படியே இருக்கிறது. கேட்டால், ஆராய்ந்து யோசனை சொல்பவருக்குச் ‘சூழ்வார்’ என்று குறளில் இருக்கிறதே என்று அடுத்த கட்டைக்குத் தாவினார். இருக்கிறது, அருமையான சொல்தான். ஆனால் சூழ்ச்சி என்பது சதியாகி எத்தனை காலம் ஆகிறது? ‘அரசின் சூழ்வார்’ என்று எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் போலீஸைக் கூப்பிடுவார்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வம்பா என்று கேட்கலாம். அந்தப் பதவி ஏன் பிறந்தது என்று பார்த்தால் தெரியும். 2015 தேர்தலில் அந்த அம்மாவின் கட்சி அள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் 2008 அரசியலமைப்பின் 59(எஃப்) பிரிவுப்படி, பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருப்பவர் ஜனாதிபதி ஆக முடியாது. அவருடைய இரண்டு மகன்களும் பிரிட்டிஷ் குடிமக்கள். தேர்தலுக்கு முன்பே, ஜனாதிபதிக்கு மேலே நான் இருப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார். 2016 ஏப்ரலில் இந்தப் பதவிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டத்திலேயே அவர் பெயரைப் போட்டிருந்தார்கள், நாடாளுமன்றத்தில் இருந்த ராணுவ உறுப்பினர்கள் வாக்களிக்காமல் எழுந்து நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். இதற்கு வழி கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வழக்கறிஞர் ஊ கோ நீயை 2017 ஜனவரி 29 அன்று யாங்கோன் விமான நிலைய வாசலில், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவரை, சுட்டுக் கொன்றார்கள். துரத்திப் பிடிக்கப்போன டாக்ஸி ஓட்டுநர் நே வின்னும் செத்துப்போனார். வெறும் ஆலோசகர் வேலைக்கா இவ்வளவும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் உறுத்துகிறது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ராணுவத் தாக்குதலுக்குப் பயந்து ரோஹிங்யா முஸ்லிம் மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அப்போது இங்கே பலர், நம் ஆட்களும்தான், “பாவம், அவங்க ஆலோசகர்தானே, என்ன செய்ய முடியும்?” என்றார்கள். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் ராணுவத் தளபதி கையில் இருந்தது உண்மைதான். ஆனால் 2019 டிசம்பரில் ஹேக்கில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துக்கு நாட்டின் சார்பில் போய் நின்றது யார்? இனப்படுகொலை நோக்கம் எதுவும் இல்லை என்று வாதாடியது யார்? ஆலோசகர் என்ற சொல் அவருடைய அதிகாரத்தையும் சுருக்குகிறது, பொறுப்பையும் சுருக்குகிறது. பிடித்தவர்களுக்கு அது சௌகரியம். 1989 முதல் 2010 வரைக்கும் ஏறக்குறைய பதினைந்து வருஷம் அடைபட்டுக் கிடந்தவர் என்பதால் நானும் வெகுநாள் அந்தச் சௌகரியத்துக்குள்தான் இருந்தேன். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பறித்து அவரை மறுபடி பிடித்துக்கொண்டு போனபோது அழுதவள்தான் நான். ஆனாலும் ஹேக்கில் அவர் சொன்ன பதிலை என்னால் விழுங்க முடியவில்லை.

என் கணக்கில் ‘அரசின் உசாத்துணைவர்’ சரியாக வரும். உசாவுவது என்றால் கேட்டுக் கலந்துகொள்வது, உசாத்துணை என்றால் அப்படிக் கேட்பதற்கு இருக்கிற துணை. சொல்கிறவர் இல்லை, கேட்கப்படுகிறவர். கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், அடிக்கட்டும். அது வாயில் நுழையாவிட்டால் ‘அரசின் ஆலோசகர் என்ற பெயரில் அரசை நடத்தியவர்’ என்று நீட்டியே எழுதுங்கள், குடிமுழுகிப் போகாது. மாநிலத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்றைக்கு வகுப்பில் இவ்வளவும் சொல்லவில்லை. பலகையில் மாநிலத்தை அடித்துவிட்டு ‘அரசு’ என்று எழுதினேன். அந்தப் பிள்ளை நோட்டில் திருத்திக்கொண்டு, “சரி சயாமா, இந்த சூகி யாரு?” என்று கேட்டது. எங்கள் தெருவில் எல்லாரும் அவரை ‘அமே சூ’, அதாவது சூ அம்மா, என்பார்கள், பெயரை முழுசாகச் சொன்னால் கடைசியில் ‘சூச்சி’ என்று வரும். ‘சூகி’ என்று ஒருத்தரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.