எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்பி வாங்கும் முன்

"பிக்கப் போயிடுச்சு சார், புதுசு மாத்தணும்" என்று ஓர் இளைஞர் தன் கிட்டாரை என் மேசைமேல் வைத்தார். ஆம்பில் சொருகி, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். மெல்லிய கம்பிகள் இரண்டும் காதைக் கிழித்தன. மற்ற நான்கும் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல் மங்கலாகக் கேட்டன. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே தேவைப்படவில்லை. அந்த நான்கு கம்பிகளின் நிறமே விஷயத்தைச் சொல்லிவிட்டது. பொன் கலந்த மஞ்சள். அக்கூஸ்டிக் கிட்டாருக்குச் செய்த வெண்கலக் கம்பி.

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புச் சுருளும்தான். காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் மேலே அதிர்ந்தால் மட்டுமே அதற்குக் 'கேட்கும்'. வெண்கலத்தைக் காந்தம் ஈர்க்காது. ஆகவே வெண்கலம் சுற்றிய கம்பியில், உள்ளே ஓடும் மெல்லிய எஃகு இழை மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும். கம்பியின் முக்கால்வாசி எடை அதற்குக் கண்ணில் படாமலே போய்விடும். நைலான் கம்பி போட்டால் சத்தமே வராது. அந்த இளைஞருக்கு நிக்கல் பூசிய ஒரு செட் மாட்டிக் கொடுத்தேன். பழைய பிக்கப் இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

இது கொஞ்சம் முற்றிய உதாரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "கிட்டார் சரியில்லை" என்று என்னிடம் வருபவற்றில் நிறைய, கடைசியில் கம்பியில்தான் போய் முடிகின்றன. சுருதி நிற்கவில்லை, விரல் வலிக்கிறது, ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கடகடவென்று அடிக்கிறது, அடிக்கடி அறுந்துபோகிறது என்று புகார்கள் பல விதம். கேள்வி மட்டும் ஒன்றுதான்: இந்தக் கிட்டாருக்கு, இந்தச் சுருதிக்கு, இந்தக் கைக்கு இந்தக் கம்பி பொருந்துகிறதா?

முதலில் கனம். கம்பியின் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளப்பது வழக்கம். 9-42 என்றால் மெல்லிய இ (E) கம்பி 0.009 அங்குலம், தடித்த இ கம்பி 0.042 அங்குலம். அடுத்தது 10-46. வாசிப்பவர்கள் நைன்ஸ், டென்ஸ் என்று சொல்வது இவற்றைத்தான். ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதாவது 0.025 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

வருகிறது. ஒரே சுருதியில், ஒரே நீளத்தில், சுற்றில்லாத கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒன்பதின் வர்க்கம் 81, பத்தின் வர்க்கம் 100. ஆக, முடியளவுகூட இல்லாத அந்த வித்தியாசம் மெல்லிய இ கம்பியில் சுமார் 23 சதவீதம் கூடுதல் இழுவிசையாகிறது. ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பார்த்தால், 25.5 அங்குல ஸ்கேலில் 9-42 செட் கழுத்தைச் சுமார் 38 கிலோ விசையோடு இழுக்கும். 10-46 செட் சுமார் 46 கிலோ. மெல்லிய ஒரு மரக்கழுத்தின்மேல் எட்டு கிலோ கூடுதல் என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஸ்கேல் நீளம். கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தங்கும் நட்டிலிருந்து, உடல்பக்கம் அது தங்கும் சேடில் வரை கம்பி அதிரும் தூரம் அது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் இரண்டும் 25.5 அங்குலம். கிப்ஸன் லெஸ் பால் 24.75 அங்குலம் என்று குறிப்பிடப்படுகிறது. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவிசையும் குறையும். இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 6 சதவீதம். ஸ்ட்ராட்டில் கல்லுபோல் இருக்கும் டென்ஸ், லெஸ் பாலில் இளகியிருப்பது இதனால்தான். இரண்டு வகைக் கிட்டாரும் வைத்திருக்கும் பலர், நீளமானதற்கு நைன்ஸ், குட்டையானதற்கு டென்ஸ் என்று வைத்துக்கொள்வார்கள். நடுவில் 9.5 செட்டும் கிடைக்கிறது. புதிதாகக் கற்பவருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நான் எப்போதும் நைன்ஸ்தான் போட்டுக் கொடுப்பேன். விரல் காய்த்துப்போன பிறகு பெரியதற்கு மாறிக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

இங்கேதான் நட்சத்திர மோகம் குறுக்கே வரும். "தடித்த கம்பி போட்டாத்தான் தடித்த டோன் வரும், ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வாகன் பதின்மூணு போட்டார்." உண்மை, போட்டார். ஆனால் அவர் கிட்டாரை அரைச் சுருதி (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி வைத்து வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரைச் சுருதி இறக்கினாலே இழுவிசை 11 சதவீதம் குறைந்துவிடும். அவருடைய கை எப்படிப்பட்டது என்பது வேறு கதை.

இதற்கு நேர் எதிரில் பிளாக் சபாத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி. 1965-இல் தகடு வெட்டும் ஆலையில் நடந்த விபத்தில் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர். அதாவது, போனது கம்பியை அழுத்த வேண்டிய கை. விரல்களுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கிட்டார் செட் எளிதில் கிடைக்காத காலம் என்பதால் பாஞ்சோ கம்பியையும் போட்டு வாசித்தார். 1970-களின் தொடக்கத்தில் கிட்டாரையும் ஒன்றரைச் சுருதி இறக்கினார், இழுவிசை இன்னும் தளர்ந்தது. ஹெவி மெட்டலின் கனத்த ஒலிக்கு முன்னோடி என்று உலகம் சொல்கிற மனிதர் தொட்டது மெல்லிய, தளர்ந்த கம்பிகளை! டோனுக்காகப் பதினொன்று வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பிக்கப்பின் உயரத்தையும், கம்பியை மீட்டும் சில்லான பிக்கைப் பிடிக்கும் விதத்தையும் ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்வேன்.

தடித்த கம்பிக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: சுருதியை இறக்கி வாசிப்பது. அரைச் சுருதி இறக்குபவர் ஒரு அளவு மேலே போனால் போதும், கை பழைய மாதிரியே உணரும். தடித்த இ கம்பியை மட்டும் ஒரு முழுச் சுருதி இறக்கி டி (D) ஆக்கும் டிராப் டி வாசிப்பவருக்கு, அந்த ஒரு கம்பியில் மட்டும் 20 சதவீதம் இழுவிசை போய்விடும். ஓங்கி அடித்தால் கம்பி ஆடி ஃப்ரெட்டில் மோதும், அடித்த கணம் சுருதி மேலே ஏறி இறங்கும். இவர்களுக்கென்றே 10-52 செட் இருக்கிறது. மேலே மெல்லியது, கீழே கனமானது. இன்னும் கீழே, டிராப் சி (C) வரை போனால் 11-54 அல்லது அதற்கும் மேல்.

இப்போது நான் அதிகம் பார்க்கும் விபத்து. ஒருவர் நைன்ஸிலிருந்து லெவன்ஸுக்குத் தானே மாற்றிக்கொண்டு வந்தார். அது மிதக்கும் ட்ரெமலோ, அதாவது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜே கைப்பிடியால் ஆடும்படி ஸ்பிரிங்கில் நிற்கும் அமைப்பு. மூடியே திறந்ததுபோல் பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்ந்து நின்றது. கம்பிக்கும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு பென்சிலையே நுழைத்துவிடலாம். இந்த வகைப் பிரிட்ஜில் முன்னால் கம்பிகள் இழுக்கும், உடலின் பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. ஒரு பக்கம் பலம் கூட்டினால் மறுபக்கமும் கூட்டியாக வேண்டும். பின் மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் திரும்பச் சுருதி சேர்த்து, பிரிட்ஜைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது.

அதோடு முடியாது. கூடுதல் இழுவிசையில் கழுத்து முன்னோக்கி வளையும், கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்ய வைத்த உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருத்த வேண்டும். (கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.) நட்டின் வெட்டு பழைய கம்பிக்கு அளவெடுத்தது. தடித்த கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு கம்பி துள்ளினால் சிக்கல் அங்கேதான். அந்த வெட்டில் பென்சில் கரியைத் தேய்த்தால் தற்காலிகமாக வழுக்கும், ஆனால் முறையான வழி அரத்தால் வெட்டை அகட்டுவதே. கடைசியாக இன்டொனேஷன், அதாவது சேடிலை முன்னும் பின்னும் நகர்த்திப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி பார்ப்பது. இவ்வளவும் சேர்த்துத்தான் கனம் மாற்றுவதன் விலை. மாதத்துக்கு ஒரு அளவு மாற்றிக்கொண்டே இருந்தால் கிட்டார் என்றைக்குமே ஓரிடத்தில் நிலைகொள்ளாது.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிக்கல் பூசிய எஃகுதான் பொதுவான வகை, பெரும்பாலோருக்கு அது போதும். தூய நிக்கல் கொஞ்சம் மென்மையாக, பழைய ஒலியோடு இருக்கும். ஸ்டெயின்லெஸ் பளிச்சென்று ஒலிக்கும், வியர்வையைத் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டைச் சற்று வேகமாகத் தேய்க்கும். தட்டையான உலோக நாடா சுற்றிய கம்பி வழவழப்பாக, மங்கிய ஒலியோடு இருக்கும், ஜாஸ் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். பாலிமர் பூசியவை விலை அதிகம், ஆயுளும் அதிகம். கை வியர்ப்பவர்களுக்கு அது வீண் செலவு இல்லை. விரல் நுனி சிவந்து அரிப்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கக்கூடும். கம்பியை மட்டும் மாற்றினால் தீராமல் போகலாம், ஏனென்றால் 'நிக்கல் சில்வர்' எனப்படும் வழக்கமான ஃப்ரெட்டுகளிலும் நிக்கல் கலந்திருக்கிறது. தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நல்ல கம்பியும் கிழடாகும். எப்போது மாற்றுவது என்று மாதக்கணக்கு சொல்ல எனக்கு விருப்பமில்லை, அது வாசிக்கும் நேரத்தையும் வியர்வையையும் பொறுத்தது. ஒரு சோதனை சொல்கிறேன். ஆள்காட்டி விரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, நட்டிலிருந்து மெதுவாக இழுத்து வாருங்கள். ஃப்ரெட் இருக்கும் இடங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கம்பி இனி எல்லா இடத்திலும் சீரான கனத்தில் இல்லை. எவ்வளவு ட்யூன் செய்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் அபசுரம்தான்.

அறுந்த கம்பியையும் உடனே குப்பையில் போடாதீர்கள். எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். திரும்பத் திரும்பச் சேடிலில் அறுந்தால் அங்கே பிசிறு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, பிரச்சினை தீரும். எந்தக் கம்பெனிக் கம்பி போட்டாலும் அறுகிறது என்று சொல்பவர்களின் கிட்டாரில் நான் முதலில் தடவிப் பார்ப்பது சேடிலைத்தான். இன்னொன்று, கழற்றும்போது இறுக்கமாக இருக்கும் கம்பியை அப்படியே வெட்டாதீர்கள். தளர்த்திவிட்டு வெட்டுங்கள். தெறிக்கும் நுனிக்குக் கண் எது, கை எது என்று தெரியாது.

என்னிடம் வரும் கிட்டார் திரும்பிப் போகும்போது அதன் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். கம்பியின் அளவு, எந்தச் சுருதிக்குச் செட்டப் செய்தது, எந்தத் தேதியில் மாட்டியது, மூன்றே வரி. அடுத்த முறை செட் வாங்கப் போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.