மெனுவில் இல்லை என்றால் பூட்டியாகிவிட்டதா?

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலைத் தாண்டிவிட்டோம் என்பதற்காகக் கோட்டை முழுவதும் நமக்குத் திறந்துவிடாது. கோயிலுக்கு ஏறும் பாதை நமக்கு, பக்கத்தில் உள்ள இராணுவக் கட்டடங்கள் நமக்கில்லை. எங்கும் போய்வருவது அங்குள்ள மான்கள் மட்டுந்தான்.

ஒரு கந்தோரின் உள்ளக மென்பொருளிலும் இதே இரண்டு கேள்விகள் உண்டு. கடவுச்சொல்லைக் கேட்பது ‘நீங்கள் யார்?’ என்று அறிய. அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் ‘உங்களுக்கு இங்கே என்ன அலுவல்?’ என்று கேட்கவேண்டும். முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிற மென்பொருள்கள் ஏராளம்.

சில வருடங்களுக்கு முன் நகரில் ஒரு கந்தோருக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். லீவு விண்ணப்பங்களைப் பதியும் பிள்ளை ஒருவர், “அண்ணா, இதை ஒருக்கா பாருங்கோ” என்று மெதுவாகக் கூப்பிட்டார். உலாவியின் முகவரி வரியில் ‘லீவு’ என்று இருந்த இடத்தில் ‘சம்பளம்’ என்று தட்டிப் பார்த்திருக்கிறார். திரையில் எல்லோருடைய சம்பளமும், கடன் கழிவுகள் உட்பட, வரிசையாக நின்றன. பார்த்த அவருக்குத்தான் பயம். பிழை அவருடையதல்ல.

நடந்தது இதுதான். அவருடைய மெனுவில் சம்பளப் பக்கத்துக்கான இணைப்பைக் காட்டாமல் விட்டிருந்தார்கள். பக்கத்தைப் பூட்டவில்லை. கதவுக்கு முன்னால் திரைச்சீலை தொங்கியது, அவ்வளவுதான். மெனு என்பது உலாவியில் தெரிகிற படம். பக்கத்தைக் கொடுப்பதும் மறுப்பதும், பக்கங்களை வைத்திருந்து அனுப்புகிற கணினியான சேர்வர் செய்கிற வேலை. அங்கே கேள்வி இல்லாவிட்டால் எங்குமே பூட்டு இல்லை.

சேர்வருக்கோ ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தை அனுப்பியதும் கேட்டவர் யார் என்பதை மறந்துவிடுகிற மாதிரித்தான் உலாவியும் சேர்வரும் பேசிக்கொள்கிற எச்.டி.டி.பி. விதிமுறையை அமைத்திருக்கிறார்கள். அதனால் உள்நுழையும்போது ஊகிக்க முடியாத நீண்ட குறி ஒன்றைக் குக்கியாக, அதாவது உலாவி வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பாக, சேர்வர் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் உலாவி அதைத் திருப்பிக் காட்டும். சேர்வர் குறியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும், ஆளை வைத்து அவர் கணக்காளரா எழுதுவினைஞரா என்று அவருடைய குழுவைக் கண்டுபிடிக்கும், அந்தக் குழுவுக்கு இந்தப் பக்கம் உண்டா என்று அட்டவணையில் பார்க்கும். உண்டென்றால் 200 என்ற எண்ணோடு பக்கம் வரும். ஆள் யாரென்றே தெரியாவிட்டால் 401, ஆளைத் தெரியும் ஆனால் அனுமதி இல்லை என்றால் 403.

ஆளுக்கு ஆள் அனுமதி எழுதாமல் நடுவில் குழு எதற்கு? 40 பேர், 30 பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக என்றால் 1,200 முடிவுகள். எழுதுவினைஞர், கணக்காளர், களஞ்சியம், முகாமையாளர், நிர்வாகி என்று 5 குழுக்கள் என்றால் 150 போதும். இடமாற்றம் வந்தால் ஒரு பெயரை ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சரி. இப்படி அனுமதியை ஆளோடு அல்லாமல் பொறுப்போடு கட்டும் முறையை 1992இல் அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் முறையாக வரையறுத்து எழுதினார்கள்.

இடமாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. சில மென்பொருள்கள் உள்நுழையும்போது குழுவைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. காலையில் கணக்குப் பிரிவிலிருந்து மாறியவர், வெளியேறி மீண்டும் நுழையும்வரை சம்பளப் பட்டியலைத் திறந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு முறையும் குழுவைப் புதிதாகப் பார்க்க வைப்பதே நல்லது. ஒரு கந்தோரின் அளவுக்கு அது பெரிய சுமையல்ல.

குழு மட்டும் போதாத இடமும் இருக்கிறது. லீவு விண்ணப்பம் 118 என்னுடையது. முகவரியில் 119 என்று மாற்றினால் பக்கத்து மேசைக்காரரின் மருத்துவச் சான்றிதழ் வந்துவிடக்கூடாது. இருவரும் ஒரே குழு, ஒரே பக்கம். அங்கே ‘இந்தப் பதிவு இவருடையதா?’ என்ற மூன்றாவது கேள்வியும் வேண்டும். இவை அரிதான பிழைகள் அல்ல. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட இணையச் செயலி ஆபத்துகளின் பட்டியலில் அனுமதிக் கட்டுப்பாடு உடைவதுதான் முதலிடம்.

ஒவ்வொரு அணுகலையும் சோதி, அனுமதி உண்டென்று சொல்லப்படாத எதையும் மறு: இந்த இரண்டையும் 1975இலேயே கணினி ஆய்வாளர்களான ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கந்தோரில் நாங்கள் செய்ததும் அதைத்தான். எல்லாக் கோரிக்கைகளும் கடந்துபோகிற ஒரே இடத்தில் சோதனையை வைத்தோம். அட்டவணையில் இல்லாத பக்கம் யாருக்கும் திறக்காது என்று எழுதினோம். அந்தப் பிள்ளையையே மறுபடி ‘சம்பளம்’ என்று தட்டச் சொன்னேன். 403 வந்தது, கீழே ‘அனுமதி தேவையானால் கணக்காளரிடம் கேளுங்கள்’ என்ற வரியோடு.

அடுத்த நாள் காலை முகாமையாளர் அழைத்தார். புதிதாகச் சேர்த்த களஞ்சிய அறிக்கை தனக்கே திறக்கவில்லையாம். போய்ப் பார்த்தால், அந்தப் பக்கத்தை அட்டவணையில் இன்னும் யாரும் பதியவில்லை. பதிந்தோம், திறந்தது.