சூடெப்: மாரடைப்பு என்று சொல்லக் கூடாத மரணம்

வலிப்பு நோய் உள்ளவர் இரவு படுத்தார், காலையில் எழவில்லை. துக்கம் விசாரிக்க வருபவர்களிடம் வீட்டார் ‘மாரடைப்பு’ என்பார்கள். மாரடைப்பு என்றால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. இங்கே அடைப்பு ஏதும் இருக்காது. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் அகப்படாது. இதைத்தான் மருத்துவர்கள் ‘சூடெப்’ என்கிறார்கள்: ‘சடன் அனெக்ஸ்பெக்டட் டெத் இன் எபிலெப்சி’ என்பதன் சுருக்கம். 1997இல் லினா நாஷெஃப் இதற்கு வரையறை தந்தார். நீரில் மூழ்கியோ அடிபட்டோ இறப்பதும், நிற்காமல் நீடித்த வலிப்பால் இறப்பதும் இதில் சேராது.

‘எபிலெப்சி’ கிரேக்கச் சொல். ‘பிடித்துக்கொள்வது’ என்று பொருள். தமிழோ நோயைத் தசையில் பார்த்தது. வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோமே, அதே வினை. ‘கால் கை வலிப்பு’ பேச்சில் திரிந்து ‘காக்காய் வலிப்பு’ ஆனது என்பார்கள். சூடெப்புக்கு ‘வலிப்புநோய்த் திடீர் மரணம்’ என்பதே பொருத்தம். ‘திடீர் இதய நிறுத்தம்’ வேறு: அது இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாவது. வலிப்பு நோயாளிகளுக்கு அந்த ஆபத்தும் கூடுதல்தான். நெஞ்சு படபடப்பதைச் சொல்லத் தெரியாத, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு ஈசிஜி எடுக்கும்படி நாம்தான் கேட்க வேண்டும்.

வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரில் ஒருவர் சூடெப்பால் இறக்கிறார். உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடிக்கடி வந்தால் ஆபத்து பல மடங்கு. மருத்துவமனைக் கண்காணிப்பில் பதிவான மரணங்களில், வலிப்பு ஓய்ந்த சில நிமிடங்களில் முதலில் மூச்சு தடுமாறி நின்றது. பிறகே இதயம் நின்றது. பலர் தலையணையில் முகம் புதைந்து குப்புறக் கிடந்தே காணப்படுகிறார்கள். அதனால்தான் அதே அறையில், சத்தம் கேட்கும் தூரத்தில் ஒருவர் படுப்பது இவ்வளவு முக்கியம்.

வலிப்பு வந்தால் மணி பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். 5 நிமிடம் தாண்டினால் சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் உடனே 995ஐ அழைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துங்கள். இன்னொருவர் புளோக்கின் கீழே மின்தூக்கி அருகே ஏஇடி கருவி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தருவது) இருந்தால் எடுத்து வரட்டும்.

தைப்பூச விரதமோ நோன்போ, மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரைகூட விடக் கூடாது. விட்ட அன்றிரவே பெரிய வலிப்பு வரலாம்.