கோடு விழாத வரியைத்தான் பார்க்க வேண்டும்

புரூஃப் பார்க்கக் கோப்பு அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் கூடவே ஒரு வரியும் எழுதிவிடுவார்கள்: “சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் சரி செய்துவிட்டேன். நீங்கள் மேலோட்டமாக ஒரு தடவை பார்த்தால் போதும்.” கணினியின் எழுத்துப்பிழை திருத்தி, தப்பு என்று நினைக்கும் சொல்லுக்கு அடியில் போடும் கோட்டைத்தான் சொல்கிறார்கள். இந்த வரியைப் பார்த்தாலே அன்றைய வேலைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவிடுவேன். சிவப்புக் கோடு நிறைய உள்ள கோப்பு எனக்குச் சுலபம். எழுதியவர் கருவி சொன்ன திருத்தம் எதையும் இன்னும் ஏற்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. கோடே இல்லாத கோப்பில்தான் என்ன நடந்திருக்கிறது என்று தோண்ட வேண்டியிருக்கும்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆங்கில ஆண்டறிக்கை. உள்ளே ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன், கடைசியாகப் பிழைதிருத்தியை ஓட்டும் எஃப் 7 விசையையும் அழுத்தி “சரிபார்ப்பு முடிந்தது” என்ற செய்தியைப் பார்த்த பிறகே அனுப்பினேன். அச்சாகி வந்த அட்டையில் ‘ரிப்போர்ட்’ என்ற சொல்லில் ஓ, ஆர் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன, அதுவும் பக்கத்தின் ஆகப் பெரிய எழுத்துகளில். கருவி கைவிட்டுவிட்டது என்று அன்றைக்குத் திட்டினேன். உண்மையில் அது தனக்குச் சொன்னபடிதான் நடந்துகொண்டது. முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடித்த ஆங்கிலச் சொற்களை மைக்ரோசாஃப்ட் வேர்டு இயல்புநிலையில் சோதிப்பதில்லை. எண் கலந்த சொற்களையும் இணைய முகவரிகளையும்கூடத் தாண்டிப் போய்விடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போனால் அங்கே அந்தப் பெட்டிகள் டிக் போட்டபடி இருக்கும். சுருக்கப் பெயர்களுக்கெல்லாம் கோடு போட்டு எரிச்சலூட்ட வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அட்டைத் தலைப்பையும் அத்தியாயத் தலைப்புகளையும் பெரிய எழுத்தில் அடிப்பதுதானே வழக்கம்?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பக்கத்து எழுத்துகள் இடம் மாறுவது கருவிக்கு மிகச் சுலபமாகப் பிடிபடும் பிழை. 1964இல் ஃபிரெடரிக் டாமரோ என்பவர் எழுத்துப் பிழைகளை அலசிவிட்டு, அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் நான்கே வகைதான் என்றார்: ஓர் எழுத்து கூடுவது, ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்துக்குப் பதில் வேறொன்று வருவது, பக்கத்து எழுத்துகள் இடம் மாறுவது. இன்றைய பிழைதிருத்திகள் ‘இதைச் சொன்னீர்களா?’ என்று பட்டியல் நீட்டுவதற்கும் அடிப்படை இந்த நான்குதான். நம் சொல்லிலிருந்து ஒன்று இரண்டு மாற்றங்களில் எட்டிவிடக்கூடிய சொற்களை அகராதியில் தேடி எடுத்துக் காட்டுகிறது. அதற்கு மேல் பெரிய மந்திரம் எதுவும் இல்லை.

அகராதி என்று சொன்னேன் இல்லையா, பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. எழுத்துப்பிழை திருத்தி அடிப்படையில் கேட்பது ஒரே கேள்வி: இப்படி ஒரு சொல் உண்டா? இந்த இடத்துக்கு இந்தச் சொல் சரியா என்பது வேறு கேள்வி. ஒரு விழா மலரைப் பற்றிய குறிப்பில் வந்திருந்த பெயருக்குக் கீழே ‘பொருப்பாசிரியர்’ என்று இருந்தது. பொறுப்பு என்று வல்லின றகரம் வர வேண்டிய இடம். ‘பொருப்பு’ என்றால் மலை, பழைய நல்ல தமிழ்ச் சொல். அகராதி பெரிதாக இருந்தால் அந்தச் சொல்லும் அதில் இருக்கும், கருவியும் தலையாட்டிவிடும். பாவம், அவரை மலையாசிரியர் ஆக்கிவிட்டார்கள். அகராதியில் சொற்கள் கூடக் கூடப் பிழைகள் தப்பிப்பதும் கூடும் என்று 1986இலேயே ஜேம்ஸ் பீட்டர்சன் ஆங்கிலத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். மிகப் பெரிய சொற்பட்டியலை வைத்துக்கொண்டால் தட்டச்சுப் பிழைகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று வேறொரு சரியான சொல்லாக மாறி நழுவிவிடும் என்றார்.

தமிழில் இப்படி நழுவுவதற்கு வழிகள் ஏராளம். மனம் மணமாகும், ஏரி ஏறியாகும், பணி பனியாகும், இரங்கல் இறங்கலாகும். எல்லாமே சொற்கள்தான். இவற்றையாவது கொஞ்சம் கவனமாகப் படிக்கிறவர் பிடித்துவிடுவார். எனக்கு அதிகம் தலைவலி தருவது இடைவெளி. ‘பதில் வர வில்லை’ என்று எழுதுகிறார்கள். வர என்பது சரியான சொல். வில்லை என்பதும் சரியான சொல், மாத்திரை வில்லை. தனித்தனியாகப் பார்க்கும் கருவிக்கு இரண்டும் சுத்தம். ஆனால் எழுத நினைத்தது ‘வரவில்லை’. ஒரு நீண்ட அறிக்கையில் ‘தெரிய வில்லை’, ‘கிடைக்க வில்லை’, ‘நடக்க வில்லை’ என்று மருந்துப் பெட்டியையே திறந்துவைத்திருந்தார் ஒருவர். ஒரு கோடும் இல்லை.

ஒற்று இன்னும் மோசம். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. எது சரி என்பதை எழுதியவரின் மனத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தமிழுக்குக் கருவியே இல்லையா என்றால், இருக்கிறது. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழைக்கும், ‘நாவி’ சந்திப்பிழைக்கும் இணையத்திலேயே கிடைக்கின்றன. பேராசிரியர் தெய்வ சுந்தரத்தின் ‘மென்தமிழ்’ சொல்லாளரில், அதாவது வேர்டு போன்ற எழுதும் மென்பொருளில், இரண்டுமே உண்டு. நானும் பயன்படுத்துகிறேன், பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நாலைந்து வடிவங்கள் இருந்தால் அதிகம். தமிழில் ‘வீடு’ என்று ஒன்றை எடுத்தால் வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளில்கூட, வீட்டிலிருந்துதானே என்று போய்க்கொண்டே இருக்கும். வினைச்சொல் என்றால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் பட்டியல் போட்டு அடைக்க முடியாது, விதிகளாகத்தான் எழுத வேண்டும். விதி எட்டாத இடத்தில் சரியான சொல்லுக்கும் கோடு விழும். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஒன்று, கோட்டையே அணைத்துவிடுவார்கள். இல்லையென்றால், தெரிகிற சொல்லையெல்லாம் வலது சொடுக்கி ‘அகராதியில் சேர்’ என்று அழுத்திக்கொண்டே போவார்கள்.

இந்த இரண்டாவது பழக்கம் ஆபத்தானது. ஒருவருடைய கணினியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டி வந்தபோது அவருடைய சொந்த அகராதியைத் திறந்து பார்த்தேன். ‘முயற்ச்சி’, ‘காட்ச்சி’ இரண்டும் அங்கே பாதுகாப்பாக இருந்தன. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் எழுத்து வராது. கருவி உறுதியாகப் பிடித்திருக்கக்கூடிய பிழைகள் இவை, பிடித்தும் இருக்கிறது. இவர்தான் அதன் வாயை அடைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கணினியில் எழுதிய எந்தக் கோப்பிலும் அந்தச் சொற்களுக்குக் கோடு விழுந்திருக்காது. வேர்டில் ப்ரூஃபிங் பக்கத்திலேயே ‘கஸ்டம் டிக்‌ஷனரீஸ்’ என்று இருக்கிறது. திறந்து, சேர்த்த சொற்களை ஒரு முறை படித்துப் பாருங்கள். சிரிப்பும் வரும், கொஞ்சம் கலவரமும் வரும்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு, பலருக்குத் தெரியாது. அகராதியில் உள்ள சரியான சொல்லாகவே இருந்தாலும், அதைக் கண்டால் கோடு போடு என்று கருவியிடம் கேட்கலாம். வேர்டு போலவே எழுத உதவும் லிப்ரே ஆஃபிஸில் புதிய பயனர் அகராதி உருவாக்கும்போது ‘விதிவிலக்கு’ என்ற பெட்டியை டிக் செய்தால், அதில் போடும் சொற்களுக்கெல்லாம் கோடு விழும். வேர்டிலும் விலக்கு அகராதி என்று தனிக் கோப்பு உண்டு. ஆங்கிலத்தில் நான் அடிக்கடி தவறவிடும் சொற்கள், ஒரு எழுத்து போனால் மானமும் போகிற சொற்கள் சிலவற்றை அங்கே போட்டுவைத்திருக்கிறேன். ‘மேனேஜர்’ என்பதில் ஓர் ‘ஏ’ விட்டால் அது மாட்டுத் தொட்டியாகிவிடும் என்பது ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோடு இல்லாததற்கு இன்னொரு காரணம், யாரும் சோதிக்கவே இல்லை என்பது. வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகள் சில சமயம் ‘இதைச் சோதிக்காதே’ என்ற குறிப்போடு வந்து சேரும், அல்லது வேறொரு மொழி என்ற முத்திரையோடு வரும். பார்வைக்கு அது தெரியாது. வேலையைத் தொடங்குமுன் கன்ட்ரோல் ஏ அழுத்தி முழுக்கத் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பட்டியலில் மொழி அமைப்புக்குப் போய் அந்தச் சோதிக்காதே டிக்கை எடுத்துவிடுவது என் பழக்கம். திடீரென்று ஒரு பத்தி முழுக்கச் சிவந்துபோகும் தருணங்கள் உண்டு. இரு மொழி கலந்த கோப்பு என்றால் தமிழ்ப் பகுதிக்குத் தமிழ், ஆங்கிலப் பகுதிக்கு ஆங்கிலம் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் எந்தக் கருவியும் உதவாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். முதலில் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கே தனி இடம் உள்ள பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றுங்கள்.

யூனிகோடிலும் ஒரு குறும்பு இருக்கிறது. ‘கௌரவம்’ என்று ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் ‘கெளரவம்’ என்று அடிக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ எழுதி, பக்கத்தில் ளகரத்தை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இங்கே கருவிதான் நம் கண்ணைவிடக் கூர்மை. சரியாகத் தெரிகிற சொல்லுக்குக் கோடு விழுந்தால் உடனே ‘புறக்கணி’யை அழுத்தாமல் ஒரு முறை அழித்துவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

இனி, நானே செய்த இன்னொரு கூத்து. ஒரு கோப்பில் பல இடங்களில் பணி என்பது ‘பனி’ என்று இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தச் சோம்பேறித்தனம். ‘அனைத்தையும் மாற்று’ கொடுத்தேன். ‘கம்பனி’ எல்லாம் ‘கம்பணி’ ஆனது. அதற்காவது கோடு விழுந்து காட்டிக்கொடுத்தது. ஆனால் பருவநிலை பற்றிய ஒரு பத்தியில் ‘பனிக்காலம்’ சத்தமில்லாமல் ‘பணிக்காலம்’ ஆகியிருந்தது. நல்ல சொல், கோடு கிடையாது. எழுதியவர் கேட்டார், “இந்தப் பணிக்காலத்தில் ஏன் சார் குளிர்கிறது?” அதிலிருந்து அனைத்தையும் மாற்றும் பொத்தானைத் தொடுவதில்லை. அடுத்தது, அடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுகிறேன்.

தானாகத் திருத்துவதும் இப்படித்தான். அடைப்புக்குறிக்குள் ஆங்கில ‘சி’ அடித்தால் வேர்டு அதைக் காப்புரிமைக் குறியாக்கிவிடும். ஒப்பந்தங்களில் ஏ, பி, காப்புரிமை, டி என்று உட்பிரிவுகள் வருவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மாறிய உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தினால் அந்த மாற்றம் மட்டும் திரும்பிவிடும்.

இலக்கணச் சோதனை, அதாவது நீலக் கோடு, பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் ஒருமை பன்மை பொருந்தாததைப் பிடிக்கும், விட்டுப்போன சின்னச் சொற்களைப் பிடிக்கும். நடையைப் பற்றி அது சொல்வதை யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். சட்ட ஆவணத்தில் செயப்பாட்டு வினையை மாற்றச் சொல்லும். மாற்றினால் யார் பொறுப்பு என்பதே மாறிவிடலாம். தமிழில் ‘அவை வந்தது’, ‘ஒவ்வொரு புத்தகங்களும்’ மாதிரியான பிழைகளை இன்னமும் நம் கண்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவி உதவுகிறது, ஆனால் கண்ணைத் தூங்கவும் வைக்கிறது. இது என் அனுபவம் மட்டும் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் கலெட்டா குழுவினர் மாணவர்களிடம் ஒரு அலுவலகக் கடிதத்தைக் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். மொழித்திறன் நன்றாக உள்ளவர்களேகூட, கருவி கோடு போட்டுக் காட்டியபோது அதிகப் பிழைகளைக் கோட்டைவிட்டார்கள். கோடு உள்ள இடத்துக்கு ஓடுகிறோம், கோடு இல்லாத வரியை யாரோ பார்த்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

அதனால் என் வேலை இப்படி நடக்கிறது. மொழி அமைப்பைச் சரி செய்துவிட்டு முதல் சுற்றில் கருவியை ஓட்டிக் குப்பையை அள்ளிவிடுவேன். அப்புறம் கோடுகளை மறைத்துவிடுவேன், ப்ரூஃபிங் பக்கத்தின் அடியில் அந்தக் கோப்புக்கு மட்டும் மறைக்க வசதி இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி, முடிந்தால் அச்செடுத்து, வாய்விட்டு ஒரு சுற்றுப் படிப்பேன். ‘வர வில்லை’ எல்லாம் அப்போதுதான் காதில் இடறும். பெயர், தேதி, தொகை மூன்றையும் தனியாக மூலத்தோடு ஒப்பிடுவேன், அவற்றைப் பற்றிக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் மறுபடி ஒரு முறை கருவி, ஏனென்றால் திருத்தும்போது நான் புதிதாகச் செய்த பிழைகள் இருக்குமே.

ஒரு எச்சரிக்கை விட்டுப்போய்விட்டது. இணையத்தில் இயங்கும் திருத்திகளும் உலாவி நீட்சிகளும் நீங்கள் எழுதியதைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் பல நேரம் சோதிக்கின்றன. குரோம் உலாவியிலேயே அடிப்படை, மேம்பட்டது என்று இரண்டு வகைச் சோதனை உண்டு. மேம்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் அடிப்பது கூகுளுக்குப் போகும், அமைப்புப் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. மருத்துவ அறிக்கை, வழக்கு விவரம், வெளிவராத கையெழுத்துப் படி என்று எது வந்தாலும் கணினிக்குள்ளேயே இயங்கும் அகராதியை மட்டும்தான் பயன்படுத்துகிறேன். வேறு ஏதாவது கருவியில் போட வேண்டியிருந்தால் எழுதியவரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன். இதுவரை இரண்டு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள்.