ஷெரீஃபுக்கு மேலதிகாரி யார்? அமெரிக்காவில் வாக்களிக்கும் தமிழர்களுக்கு

கலிபோர்னியாவின் குப்பர்டினோவில் இருப்பவர் 911-ஐ அழைத்தால் வாசலுக்கு வருவது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஷெரீஃபின் வண்டி. பக்கத்து ஊரான சன்னிவேலில் இருப்பவர் அழைத்தால் வருவது அந்த நகரத்தின் சொந்தக் காவல்துறை. இரண்டுமே சாண்டா கிளாரா கவுண்டிதான். குப்பர்டினோ தனியாகப் போலீஸ் வைத்துக்கொள்ளாமல், ஷெரீஃபுக்குப் பணம் கொடுத்து அந்த வேலையை வாங்கிக்கொள்கிறது. இது தெரியாமலே பத்து வருடம் அங்கே குடியிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஷெரீஃப் என்றதும் நம்மில் சிலருக்குச் சென்னையில் ஒரு காலத்தில் இருந்த கௌரவப் பதவி நினைவுக்கு வரும். அது விழாவில் வரவேற்புரை வாசிக்கிற பதவி. அமெரிக்காவில் அப்படியில்லை. இங்கே ஷெரீஃப் ஆயுதம் தாங்கிய ஒரு படையின் தலைவர். அதோடு, பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆள். அலாஸ்கா, ஹவாய், கனெடிகட், ரோட் ஐலண்டு ஆகியவை விதிவிலக்கு.

சரி, 'எங்கள் ஊரில் தனிப் போலீஸ் இருக்கிறதே, ஷெரீஃப் யாராக இருந்தால் எனக்கென்ன' என்று சன்னிவேல்காரர் கேட்கலாம். கவுண்டிச் சிறை ஷெரீஃப் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் பதில். விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள், ஜாமீன் கட்ட முடியாதவர்கள், சிறிய தண்டனை பெற்றவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். 2015-இல் சாண்டா கிளாரா கவுண்டிச் சிறையில் மனநலம் குன்றிய ஒரு கைதியை மூன்று காவலர்கள் அடித்தே கொன்றார்கள். சிறைக்கு வெளியேயும் ஷெரீஃபுக்கு வேலை இருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டால், வந்து நிறைவேற்றுவது ஷெரீஃபின் ஆட்கள். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்தையும் கலிபோர்னியாவில் பெரும்பாலும் அவர்தான் தருகிறார்.

இவ்வளவு அதிகாரம் உள்ளவருக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை. நகரக் காவல்துறைத் தலைவர் சரியில்லை என்றால் நகர நிர்வாகம் அவரை அனுப்பிவிடலாம். ஷெரீஃபை அப்படிச் செய்ய முடியாது. கவுண்டியை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் சூப்பர்வைசர் குழு அவருடைய பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். ஆனால் பொதுவாக வேலையை விட்டு நீக்க முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி மக்கள் 2022-இல் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தித்தான், ஐந்தில் நான்கு சூப்பர்வைசர்கள் சேர்ந்தால் தகுந்த காரணம் காட்டி நீக்கலாம் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள்.

சாண்டா கிளாராவில் லாரி ஸ்மித் 1998 முதல் ஆறு முறை ஷெரீஃபாகத் தேர்வானவர். துப்பாக்கி உரிமம் கொடுப்பதில் தேர்தல் நன்கொடையாளர்களுக்குச் சலுகை காட்டியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை ஒரு கிராண்ட் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட விசாரணைக் குழு) சுமத்தியது. 2022-இல் தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன் அவர் பதவி விலகினார். தீர்ப்போ, அவர் தவறு செய்தார் என்றே வந்தது. ஆனால் அந்த வழக்கில் கிடைக்கக்கூடிய தண்டனையே பதவி நீக்கம்தான். அவரோ ஏற்கெனவே போய்விட்டார். நடுவில் ஐந்து முறை மறுதேர்தலில் அவரை மாற்றும் வாய்ப்பு வாக்காளர்களுக்கு வந்து போயிருந்தது.

இனி வாக்களிக்கும் முறை. அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே ஷெரீஃபுக்கு வாக்களிக்கலாம். கிரீன் கார்டு, எச்1பி இருந்தால் முடியாது. வாக்காளர் பதிவும் சேர்ந்தே வரும் ஓட்டுநர் உரிமப் படிவத்தில் 'குடிமகனா' என்ற கேள்விக்கு அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிடாதீர்கள். பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது பெரிய தலைவலியாகும்.

கலிபோர்னியாவில் ஷெரீஃப் வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. பிரைமரி எனும் முதல் சுற்றிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிவிட்டால் கதை முடிந்தது. நவம்பர் வாக்குச்சீட்டில் அந்தப் பதவியே இருக்காது. யாரும் பாதியைத் தாண்டவில்லை என்றால்தான் முதல் இருவர் நவம்பரில் மோதுவார்கள். 2022-இல் வந்த ஒரு சட்டம் பெரும்பாலான கவுண்டிகளில் இந்தத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றியது. அதனால் அங்கே அந்த ஆண்டு தேர்வானவர்களுக்குப் பதவிக்காலம் ஆறு ஆண்டாக நீண்டது. அந்தக் கவுண்டிகளில் அடுத்த பிரைமரி 2028 மார்ச்சில். அதிபர் வேட்பாளர்களைப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துவிடாமல் கீழே வரை போங்கள்.

டெக்சாஸில் நிலைமை வேறு. அங்கே கட்சி அடிப்படையில் போட்டி. ஒரே கட்சி ஆதிக்கம் செலுத்தும் கவுண்டியில் உண்மையான தேர்தல், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் பிரைமரியிலேயே முடிந்துவிடும். சிறை நடத்தும் ஷெரீஃப்கள் மத்தியக் குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் போடவேண்டும் என்று அங்கே 2025-இல் சட்டம் வந்தது. கலிபோர்னியாவிலோ 2017-இன் சட்டம் அந்த ஒத்துழைப்புக்கே கடிவாளம் போடுகிறது. ஆகவே 'குடியேற்ற விஷயத்தில் நான் இப்படிச் செய்வேன்' என்று வேட்பாளர் முழங்கினால், மாநிலச் சட்டம் அவருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நியூ ஜெர்சியில் பதவிக்காலம் மூன்றே ஆண்டு. அங்கே ஷெரீஃபுக்கு முக்கிய வேலை நீதிமன்றப் பாதுகாப்பும் கடன் கட்டாத வீடுகளை ஏலம் விடுவதும்தான்.

வேட்பாளர்களை எடைபோட எங்கே போவது? கலிபோர்னியாவில் தேர்தலுக்கு முன் கவுண்டி ஒரு வழிகாட்டிப் புத்தகம் அனுப்பும். அதில் வேட்பாளர் தன்னைப் பற்றி எழுதும் பத்திக்கு அச்சுச் செலவைப் பெரும்பாலும் அவரே கட்டவேண்டும். எனவே ஒருவருடைய பத்தி அதில் இல்லையென்றால் அவர் அக்கறையில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். பணம் இல்லாமலும் இருக்கலாம். அப்புறம் யார் நன்கொடை கொடுத்தார்கள் என்ற கணக்கு பொதுப்பார்வைக்கு உண்டு. காவலர் சங்கம் யாரை ஆதரிக்கிறது என்பதையும் பாருங்கள். நான் அதை ஒரு தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சங்கத்தின் உறுப்பினர் மீது புகார் வந்தால் விசாரிக்க வேண்டியவர் இவர்தானே. வேட்பாளர் கூட்டத்துக்குப் போக முடிந்தால், கடந்த நான்கு ஆண்டில் சிறையில் எத்தனை பேர் இறந்தார்கள், அதை யார் விசாரித்தார்கள் என்று கேளுங்கள்.